சுமையறிந்து தாங்கி தேர்தல்

மயிற்பீலியினும் இலேசான பொருளைக் காண்பது அரிது. ஆயினும் அதனையும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்று திருக்குறள் எச்சரிக்கின்றது. அரசன் வலியறிந்து செயற்படல் வேண்டும் என்பதற்கு வள்ளுவர் காட்டிய உவமை அது. பொறியியலார்க்கோ அஃது உவமையன்று. நாள்தோறும் கண்முன் நிற்கும் கணக்கு. சுமை எவ்வளவு, அஃது எத்திசையிலிருந்து வருகின்றது, எவ்வளவு காலம் தாங்கவேண்டும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே, சக்கரத்துக்கும் அச்சுக்கும் இடையே வைக்கும் தாங்கியை அவர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். பட்டறைகளில் ‘பேரிங்’ என வழங்கப்படுவது இத்தாங்கியே.

தாங்கியின் அமைப்பு

ஒரு பொருளின்மேல் மற்றொன்று வழுக்கி நகரும்போது உராய்வு மிகும். உருண்டு நகரும்போது குறையும். கனத்த மரத்தைத் தரையில் இழுப்பதைவிட, அதனடியில் உருண்டைக் கட்டைகளை இட்டுத் தள்ளுவது எளிதன்றோ? இவ்வுண்மையை வட்டமாக வளைத்து அமைத்ததே உருளும் தாங்கி. அதில் உள்வளையம் ஒன்றும் வெளிவளையம் ஒன்றும் உண்டு. இரண்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகளோ உருளைகளோ ஓடும். அவை ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளி காக்கும் உறுப்பு ‘கூடு’ எனப்படும்.

வேல்ஸ் நாட்டுப் பிலிப் வாகன் என்பவர், வண்டி அச்சில் குண்டுகளைப் பயன்படுத்தும் முறைக்கு 1794ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். எனினும் ஒரே அளவான குண்டுகளை ஏராளமாகச் செய்யும் வழி அன்று இல்லை. செருமனியின் சுவைன்பர்ட் நகரில் பிரீட்ரிக் பிஷர் 1883இல் குண்டு அரைக்கும் பொறியை உருவாக்கிய பின்னரே அக்குறை நீங்கியது.

திசைக்கேற்ற தாங்கி

சுமை இரு திசைகளில் வரும். அச்சுக்குக் குறுக்கே அழுத்துவது ஆரச்சுமை. நேரே செல்லும் மிதிவண்டியின் சக்கரம் தாங்குவது பெரும்பாலும் இதுவே. அச்சின் நீளப்போக்கில் தள்ளுவது அச்சுச்சுமை. கூரையிலிருந்து தொங்கும் மின்விசிறியின் எடை இவ்வகையைச் சாரும். மோட்டார் வண்டி வளைவில் திரும்பும்போது அதன் சக்கரத்தில் இவ்விரண்டும் ஒருங்கே வந்து தாக்குகின்றன.

குண்டுத் தாங்கியில் ஒவ்வொரு குண்டும் வளையத்தை ஏறத்தாழ ஒரு புள்ளியில் தொடுகின்றது. ஆதலின் உராய்வு குறைவு; மிக்க வேகத்திலும் இலகுவாகச் சுழலும். ஆரச்சுமையோடு ஓரளவு அச்சுச்சுமையையும் தாங்கும். விசிறி, மின்சார மோட்டார் போன்றவற்றுக்கு இதுவே ஏற்றது.

நேருருளைத் தாங்கியில் தொடுமிடம் புள்ளியன்று, கோடு. சுமை அகன்ற இடத்தில் பரவுவதால், ஒரே அளவுள்ள குண்டுத் தாங்கியைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஆரச்சுமையை இது ஏற்கும். ஆனால் இதன் சாதாரண வகை பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்காது.

இரண்டையும் ஒருங்கே தாங்குவது கூம்புருளைத் தாங்கி. வண்டி செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்த அமெரிக்கர் என்றி டிம்கன், 1898இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். உருளைகள் சாய்ந்து நிற்பதால், மேலிருந்து வரும் சுமையும் பக்கத்திலிருந்து வரும் தள்ளலும் அவற்றின்மீதே விழும். எனினும் ஒரு தாங்கி ஒரு பக்கத் தள்ளலையே ஏற்கும். ஆதலின் இரண்டினை எதிரெதிராகப் பொருத்துவர். லாரிச் சக்கரங்களிலும் இரயில் சக்கரங்களிலும் இவ்வகையைப் பரவலாகக் காணலாம்.

அச்சே நேர்க்கோட்டில் நில்லாமல் சாயுமாயின் என் செய்வது? சுவீடன் நாட்டு நெசவாலையில் பணியாற்றிய சுவென் விங்குவிஸ்ட் என்னும் பொறியியலார் இவ்விடரையே எதிர்நோக்கினார். ஆலையின் களிமண் தரை அசைய, அச்சுகள் சாய்ந்து தாங்கிகள் அடிக்கடி கெட்டன. சாய்வுக்கேற்பத் தானே திரும்பிக்கொள்ளும் குண்டுத் தாங்கியை அவர் 1907இல் அமைத்தார்.

சுமையும் வாழ்நாளும்

தாங்கியின் வாழ்நாளைக் கணக்கிடும் முறையை லுண்ட்பர்க், பாம்கிரன் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இருவர் 1947இல் வகுத்தனர். ஒவ்வொரு தாங்கிக்கும் ஒரு சுமையளவு குறிக்கப்பட்டிருக்கும். அச்சுமையில், ஒரே வகையான நூறு தாங்கிகளுள் தொண்ணூறு பத்து இலட்சம் சுற்றுகளைப் பழுதின்றிக் கடக்கும் என்பது அதன் பொருள்.

இக்கணக்கில் கருதத்தக்க உண்மை ஒன்று உண்டு. குண்டுத் தாங்கியின்மீது சுமை இரு மடங்கானால் வாழ்நாள் பாதியாவதில்லை. எட்டில் ஒரு பங்காகிவிடும். உருளைத் தாங்கியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகும். சுமை கால் பங்கு மிகுந்தாலே வாழ்நாள் பாதியளவாகச் சுருங்கும். “இன்னும் நான்கு மூட்டைதானே” என்று லாரியில் ஏற்றுபவர் அதன் விலையை அன்று அறிவதில்லை. பீலியின் கணக்கு இங்கே எண்ணால் மெய்ப்பிக்கப்படுகின்றது.

தேய்வின் அறிகுறிகள்

பழங்கால உப்பு வணிகர், வழியில் அச்சு எப்போது முறியுமென அறியாமையால், வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர். இக்காலத் தாங்கியோ பெரும்பாலும் சொல்லாமல் கெடுவதில்லை.

முதல் அறிகுறி ஒலி. வேகத்தோடு உயரும் ஒரு முரலல் கேட்கும். சாலையின் பரப்பு மாறும்போது ஒலியும் மாறினால் குறை டயரில் இருக்கலாம்; எச்சாலையிலும் ஒரே தன்மையாக ஒலித்தால் தாங்கியை ஐயுறல் வேண்டும். வண்டி இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களில் சாயும். அப்போது முரலல் மிகுமாயின் வலப்பக்கத் தாங்கியில் தேய்வு இருத்தல் கூடும். வலப்பக்கம் திரும்பும்போது மிகுமாயின் இடப்பக்கத்தில் இருத்தல் கூடும்.

இரண்டாவது ஆட்டம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான தாங்குகாலில் இருத்துதல் வேண்டும். பின்னர்ச் சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பற்றி ஆட்டிப் பார்க்கலாம். ஆட்டம் தெரிந்தால், வேறொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுக. அப்போது ஆட்டம் மறைந்தால் குறை தாங்கியில் இருப்பதே பெரும்பாலும் உண்மை. மறையாவிடில் பிற மூட்டுகளை ஆராய வேண்டும். சக்கரத்தைக் கையால் சுழற்றும்போது மணல் அரைபடுவதுபோன்ற கரகரப்பும் தேய்வையே காட்டும்.

மூன்றாவது வெப்பம். ஓட்டத்திற்குப் பின் ஒரு சக்கரத்தின் குடம் மட்டும் மற்றவற்றினும் மிகச் சுடுமாயின், காரணம் தாங்கியாகவோ விடாது பற்றும் பிரேக்காகவோ இருக்கலாம். இரண்டும் உடனே கவனிக்கத் தக்கவை. குடத்தைத் தொடாமல் அருகே கை காட்டியே சூட்டை உணர்தல் நன்று.

கழற்றிப் பார்த்தால் காரணமும் புலப்படும். வளையத்தில் செதில் பெயர்ந்திருந்தால் நெடுநாள் உழைப்போ மிகைச்சுமையோ காரணம். நீலம் பாய்ந்திருந்தால் வெப்பம். துரு இருந்தால் நீர் புகுந்துள்ளது. வெள்ளத்தில் சக்கரம் மூழ்கிய வண்டிகளில் இதனைக் காணலாம். குண்டுகளின் இடைவெளிக்கேற்பப் பள்ளங்கள் இருந்தால், பொருத்தியபோது சம்மட்டியால் அடித்த குற்றமாகவோ குழியில் விழுந்த அதிர்ச்சியாகவோ இருக்கலாம்.

ஒஹாயோவில் நிகழ்ந்தது

அறிகுறியைத் தனித்தனியே நோக்குவதன் தீங்கை ஒரு விபத்து உணர்த்துகின்றது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சரக்கு இரயில் ஒன்று சென்றுகொண்டிருந்தது. அதன் 23ஆம் பெட்டியில் ஒரு சக்கரத் தாங்கி கெட்டு வெப்பமேறிக்கொண்டிருந்தது. பாதையோரக் கருவிகள் அதனை அளந்தன. முதற்கருவியில் அது சூழ்வெப்பத்தினும் 21 செல்சியஸ் பாகை மிகுந்திருந்தது. அடுத்ததில் 57 பாகை. இரண்டும் எச்சரிக்கை எல்லைக்கு உட்பட்டிருந்தமையால் இரயில் நிறுத்தப்படவில்லை. அதன்பின் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருந்த மூன்றாவது கருவி 141 பாகை காட்டி எச்சரித்தது. ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்த முயன்றனர், காலம் கடந்துவிட்டது. ஈஸ்ட் பாலஸ்டைன் என்னும் சிற்றூரில் 38 பெட்டிகள் தடம் புரண்டு தீப்பற்றின. வினைல் குளோரைடு நிரம்பிய ஐந்து தொட்டிகள் மூன்று நாள் கழித்துத் திறந்து எரிக்கப்பட்டன. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர்.

21 என்பதும் 57 என்பதும் தனித்தனியே நோக்கின் சிறியன. ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நோக்கினால், ஏறிக்கொண்டே செல்லும் ஆபத்து தெரியும். எல்லையைக் கடந்ததா என்பது மட்டும் கேள்வியன்று. நேற்றினும் இன்று மிகுந்ததா என்பதே முதற்கேள்வி.

வண்டி ஓட்டுவோர்க்கும் இது பொருந்தும். சென்ற வாரம் இல்லாத முரலல் இவ்வாரம் கேட்டால், வானொலியின் ஒலியைக் கூட்டி அதனை மறைத்தல் ஆகாது. தேய்ந்த தாங்கி தானே நலம் பெறுவதில்லை. அது சிறு பழுதாக இருக்கும்போதே மாற்றினால் செலவு ஒரு தாங்கியோடு முடியும்; தாழ்த்தினால் குடமும் அச்சும், சிலபோது சக்கரமே கழன்று உயிரும் போக நேரும்.