பூச்சாயமும் சூரிய மின்சாரமும்

செம்பருத்திப் பூவின் சாயத்தைக்கொண்டு வெயிலிலிருந்து மின்சாரம் பெறலாம் எனில் நம்மில் பலர் வியப்புறுவர். ஆயினும் அது மெய்யே. சாயம் ஒளியைப் பற்றும் இவ்வகை மின்கலத்தை, 1991-ஆம் ஆண்டில் மைக்கேல் கிரேட்ஸல், பிரையன் ஓரேகன் என்னும் விஞ்ஞானிகள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் திறம்பட அமைத்துக் காட்டினர். அவர்கள் கையாண்டது ருத்தேனியம் என்னும் உலோகம் சேர்ந்த சாயம். பின்னர்ப் பூ, பழச் சாயங்களும் சோதிக்கப்பட்டன.

இதன் அமைப்பு எளியது. மின்சாரம் கடத்தும் பூச்சுடைய கண்ணாடித் தகட்டின்மீது, வெள்ளைப் பெயிண்டில் சேரும் டைட்டேனியம் டை ஆக்ஸைடை மெல்லிய படலமாகப் பூசிச் சுடுகின்றனர். பின் சாயத்தில் ஊறவைக்கின்றனர். ஒளி பட்டதும் சாயம் எலெக்ட்ரான்களை அப்படலத்திற்கு அளிக்கிறது. அவை கம்பி வழியே ஓடி மின்னோட்டமாகின்றன. எதிர்த்தகட்டை அடைந்த எலெக்ட்ரான்களை, இடையிலுள்ள அயோடின் கரைசல் சாயத்திற்கு மீட்டளிக்கிறது.

ஆனால் பலனை அளந்தறிதல் வேண்டும். வெயிலின் ஆற்றலில் சிலிக்கான் தகடு சுமார் 20 சதவிகிதத்தை மின்சாரமாக்குகிறது. பூச்சாயக் கலமோ பெரும்பாலும் 1, 2 சதவிகிதத்தைத் தாண்டுவதில்லை. சாயமும் வெயிலில் வெளிறிவிடும்.

ஆகவே தெருவிளக்குக்கும் பம்பு செட்டுக்கும் சிலிக்கான் தகட்டையே நாடுவோம். பஞ்சாயத்துப் பணத்தைப் பூச்சாயக் கலத்தில் முடக்கலாகாது. பள்ளிச் சோதனைச் சாலையிலோ அதற்குச் சிறந்த இடம் உண்டு. ஒளி மின்சாரமாகும் விந்தையை நம் சிறுவர் தம் கையாலேயே செய்து கற்கட்டும்.