தராசு ஏறாத பெட்டி கப்பல் ஏறாது!

கறிகாய்க்காரி தராசைத் தூக்கியதும் உங்கள் பார்வை எங்கே போகிறது? கத்தரிக்காயின் மேலா? இல்லை, முள்ளின் மேல்தான்! அரைக் கிலோ காய்க்கு நீங்கள் காட்டும் இந்தக் கண்டிப்பு, கடல் கடந்து போகும் இருபது டன் பெட்டிகளுக்கு வெகு காலம் இருக்கவில்லை என்றால் நம்புவீர்களா?

லாரிகளில் போகும் பெரிய இரும்புப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குக் 'கன்டெய்னர்' என்று பெயர். சரக்கை உள்ளே அடைத்துப் பூட்டுகிறவர் ஒருவர். ஏற்றிச் செல்வது கப்பல் கம்பெனி. "இத்தனை டன்" என்று அவர் எழுதிக் கொடுத்தால், 2016 பாதி வரை அதுதான் கணக்காக இருந்தது. பெரும்பாலும் யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

2007 ஜனவரி 18-ஆம் தேதி. இங்கிலீஷ் கால்வாயில் கடும் புயல். 'எம்.எஸ்.சி. நாப்போலி' என்ற சரக்குக் கப்பலில், இயந்திர அறைப் பக்கம் விரிசல் கண்டுவிட்டது. கப்பலில் இருந்த 26 பேரும் உயிர்ப்படகில் இறங்கினார்கள். கொந்தளிக்கும் கடலிலிருந்து ஹெலிகாப்டர்கள் அவர்களைத் தூக்கிக் காப்பாற்றின. நல்ல வேளை, ஓர் உயிரும் போகவில்லை!

பிறகு அந்தக் கப்பலை இங்கிலாந்தின் டெவன் கரையோரம் தரை தட்ட வைத்தார்கள். மேல்தளத்தில் நனையாமல் இருந்த சுமார் 660 பெட்டிகளின் எடையைச் சோதித்தபோது சங்கதி வெளிப்பட்டது. 137 பெட்டிகளில், எழுதிய எடைக்கும் உண்மை எடைக்கும் மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசம்! ஒரு பெட்டியில் அது 20 டன்! கப்பல் பிளந்ததற்கு இதுவே முழுக் காரணம் அல்ல. கப்பலின் கட்டுமானத்திலேயே பலம் போதவில்லை. ஆனால் இருந்த கொஞ்சப் பலத்தையும் பொய்க் கணக்கு தின்றுவிடும் அல்லவா?

பாத்திரங்களை அடுக்கும்போது அண்டாவை அடியிலும் டம்ளரை மேலேயும் வைக்கிறீர்கள். கப்பலிலும் அதே நியாயம்தான். எடை தெரியாவிட்டால் எதை அடியில் வைப்பது?

ஆகவே 2016 ஜூலை 1 முதல் சர்வதேச விதி ஒன்று வந்தது. அனுப்புகிறவர் அடைத்த பெட்டியை அப்படியே நிறுக்க வேண்டும். அல்லது உள்ளே போகும் ஒவ்வொன்றையும் நிறுத்து, வெறும் பெட்டியின் எடையைக் கூட்டிச் சொல்ல வேண்டும். எடைச் சான்று இல்லையேல், பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது!

கப்பல் கம்பெனிகள் சும்மா இருக்க முடியுமா? பதிவுப் படிவங்களை மாற்றின. பொறுப்பாளர் பெயரோடு எடையைக் கேட்டன. கப்பல் புறப்படுமுன் இன்ன நேரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்று கெடு வைத்தன. துறைமுகங்கள் சில, கட்டணம் வாங்கிக்கொண்டு தாங்களே நிறுத்துக் கொடுக்க முன்வந்தன.

இனி, கடைக்காரர் முன்னால் முள்ளையே பார்க்கும் உங்களை யாராவது கேலி செய்தால் கவலைப்படாதீர்கள். அந்தப் பழக்கத்தைத்தான் கடல் உலகம் மிகவும் தாமதமாகக் கற்றுக்கொண்டது!