கலைக்குத் திரும்பும் வழி

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குச் செல்லும் வீதியில் நிந்தவூரைக் கடந்து, களியோடைப் பாலத்தையும் தாண்டினால் ஒலுவில் வந்துவிடும். ஒரு புறம் வயல்வெளி. மறு புறம் வங்கக் கடல். இடையே தென்கிழக்குப் பல்கலைக்கழகம். காலை வேளையில் அங்கே பொறியியலும் முகாமைத்துவமும் பயிலச் செல்லும் இளைஞர் கூட்டத்தைக் காணலாம். பள்ளி நாளில் படம் வரைந்தவர், கவிதை எழுதியவர், இராகமெடுத்துப் பாடியவர் அக்கூட்டத்தில் எத்தனை பேர் என்று எவரும் கணக்கெடுப்பதில்லை. எடுத்தால் அத்தொகை சிறிதாயிராது என்றே எண்ணுகிறேன்.

உயர்தர வகுப்பில் கணிதமா, உயிரியலா என்ற வினா எழும் நாளில், வர்ணப் பெட்டி அலுமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. இதற்காகப் பெற்றோரைக் குறை கூறுதல் நீதியன்று. மழை பொய்த்தால் விளைச்சலும் பொய்க்கும் மண் இது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி, ஒரு காலைப் பொழுதிலே வீட்டையும் தோணியையும் உற்றாரையும் கடலுக்குப் பறிகொடுத்த கரை இது. மாதச் சம்பளம் என்பதன் அருமையை இங்குள்ளோர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும், பட்டம் பெற்று, உத்தியோகமும் ஏற்ற பின்னர் ஒரு நாள் அந்தப் பெட்டியின் நினைவு வருகிறது. அப்பொழுது எழும் கேள்வி ஒன்றுதான்: இனித் திரும்ப முடியுமா? நம் நாட்டிலேயே வாழ்ந்த இருவரின் வாழ்க்கை இதற்கு விடை கூறுகின்றது.

முதலாமவர் லயனல் வெண்ட். 1900ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் உயர் நீதிமன்ற நீதியரசர். மகனும் சட்டம் பயில இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே பாரிஸ்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே, பியானோ இசையையும் முறையாகக் கற்றார். 1924இல் தாயகம் திரும்பி, சிறிது காலம் நீதிமன்றப் படியேறினார். மனம் அங்கே தரிக்கவில்லை. கறுப்பு அங்கியைக் களைந்துவிட்டு இசைக்குத் திரும்பினார். முப்பதுகளில் புகைப்படக் கலையிலும் மூழ்கினார். இலங்கைப் புகைப்படக் கலையைப் பற்றிப் பேசுவோர் இன்றும் முதலில் குறிப்பிடும் பெயர் அவருடையதே. 1943இல் இந்நாட்டு நவீன ஓவியர்கள் ஒன்றுகூடி '43 குழு'வை அமைத்ததும் கொழும்பில் அவருடைய இல்லத்திலேதான். மறு ஆண்டே, 44 வயதில், அவர் காலமானார்.

வெண்டின் கதையைக் கேட்டு உடனே வேலையை விட்டுவிட எண்ணும் இளைஞர் சற்றுப் பொறுக்க வேண்டும். அங்கியைக் களைந்த நாளில் வெண்டுக்கு உண்ண உணவும் உறைய வீடும் இருந்தன. கேம்பிரிட்ஜில் சட்டம் பயின்று, பின்னர் ஓவியரான ஜஸ்ரின் தரணியகலவும் செல்வக் குடியில் பிறந்தவரே. தங்கைக்குத் திருமணம் செய்துவைக்க வேண்டிய அண்ணனுக்கு, தந்தையின் வயற் கடனை அடைக்க வேண்டிய மகனுக்கு, அந்த வழி திறந்திருக்கவில்லை. அவனுக்கு வேறொரு வழி உண்டு.

அதைத் தேடி ஒலுவில் மாணவர் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தாம் நாள்தோறும் நுழையும் வாயிலே அதனைச் சொல்லும். 1995இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டில் பல்கலைக்கழகமாக உயர்ந்த இந்நிறுவனம் உருவாக முன்னின்று உழைத்தவர் எம். எச். எம். அஷ்ரப். 1948இல் சம்மாந்துறையில் பிறந்து, கல்முனையில் வளர்ந்தவர், சட்டத்தரணி, கட்சித் தலைவர், 1994 முதல் அமைச்சர். இவ்வளவையும் அறிந்தோர் பலர். அவர் இளமை தொட்டே கவிதை எழுதியவர் என்பதை அறிந்தோர் அத்தனை பேர் இரார். வழக்குக் கட்டுகளுக்கும் அமைச்சுக் கோவைகளுக்கும் இடையிலே அவர் கவிதையை முற்றாக மறந்துவிடவில்லை. 1999இல் 'நான் எனும் நீ' என்ற பெயரில் அவருடைய கவிதைகள் பெருந்தொகுப்பாக வெளிவந்தன. 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 51.

இந்தத் திகதிகளை ஒருகணம் அருகருகே வைத்துப் பாருங்கள். 'ஓய்வு பெற்ற பின் பார்த்துக்கொள்வோம்' என்று அவர் இருந்திருப்பின், அந்நூலைத் தம் கையால் தொட்டிருக்கமாட்டார். உத்தியோகத்திலிருக்கும் நம்மில் பெரும்பாலோர் கலைக்குச் சொல்லும் தவணை அதுவேயன்றோ? அறுபது வயதில் ஓய்வூதியம் கிடைக்கும் என்பது உண்மை. பார்வையும் கைத்திடமும் ஆயுளும் அதுவரை இருக்கும் என்று எந்தச் சுற்றுநிருபமும் உறுதி கூறவில்லை.

திரும்புதல் எளிதென்று சொல்லமாட்டேன். பத்து ஆண்டுகள் தூரிகை பிடியாத கை பழைய சொற்படி கேளாது. கையோ நின்ற இடத்தில் நிற்கும். கண்ணோ அதற்கிடையில் நல்ல படைப்புகள் பலவற்றைக் கண்டு முதிர்ந்திருக்கும். அந்தக் கண்ணுக்கு இந்தக் கையின் வேலை பிடிக்காது. முதல் மாதத்திலேயே பலர் மனமொடிந்து போவதன் காரணம் இதுவே. பட்டதாரி என்ற எண்ணத்தை வெளியே வைத்துவிட்டு, மீண்டும் அரிச்சுவடி மாணவனாக அமர்பவனுக்கே கை வசப்படும்.

இடையிலே கற்ற கல்வியும் வீண்போவதில்லை. ஆனந்த குமாரசுவாமி புவிச்சரிதவியல் பயின்றவர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர். கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்றபோதுதான் நலிந்துவரும் கைவினைகளைக் கண்டார். 1908இல் அவர் வெளியிட்ட மத்திய காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் அந்தப் பயணங்களின் பயன். கணக்காளனும் மருத்துவனும் பொறியியலாளனும், கலைஞன் மட்டுமாயிருப்பவன் காணாத மனிதரை நாள்தோறும் காண்கிறார்கள். எழுதவும் வரையவும் அதைவிடப் பெரிய முதல் வேறென்ன வேண்டும்?

உண்மையில் இக்கரையோர மக்களுக்கு இஃது புதிய செய்தியன்று. இரவெல்லாம் பரணிலிருந்து வயலைக் காத்த உழவர், காவலினூடே கவி பாடினர். பன்பாய் இழைத்த பெண்கள் பன்னுக்குச் சாயமேற்றி அழகிய வேலைப்பாடுகள் செய்தனர். உழைத்துக் களைத்த கைகளே பொல்லடித்து ஆடின. அவர்கள் வயலை விட்டுக் கலைக்கு வந்தவர்களல்லர். கலையை விட்டு வயலுக்குப் போனவர்களுமல்லர்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கிடையாமற் போகுமா? இன்றிரவே அலுமாரியின் மேல்தட்டைத் திறந்து பார்க்கலாம். வர்ணம் காய்ந்து போயிருக்கும். அதனாலென்ன, புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.