வயிற்றுப் பிள்ளையும் செல்போன் அலையும்

எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் படிக்கிறோம் என்று தெரிந்தால் போதும், "ஏம்ப்பா, மாசமா இருக்கிற பொண்ணு செல்போன் பேசினா பிள்ளையோட மூளைக்கு ஆகாதாமே?" என்று கேட்டுவிடுகிறார்கள். என் அக்காவுக்கு இது ஐந்தாம் மாதம். அதனால் எங்கள் வீட்டில் தினமும் இதே பேச்சுதான்.

இந்தப் பயத்தைப் பெரிதாகக் கிளப்பியது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஹ்யூ டெய்லர் குழு செய்து 2012-ல் வெளியிட்ட சோதனை. சினைச் சுண்டெலிகளின் கூண்டுக்கு மேல் செல்போனை வைத்து, கால் ஓடிக்கொண்டே இருக்கும்படி விட்டார்கள். இன்னொரு கூண்டின் மேல் இருந்த போனை இயக்கவில்லை. முதல் கூண்டில் பிறந்த குட்டிகள் வளர்ந்தபின் நிலைகொள்ளாமல் அலைந்தன. ஞாபக சக்தியும் குறைந்திருந்தது.

ஆனால் அந்த அளவுகளைப் பாருங்கள். சில அங்குல தூரத்தில் போன். சுண்டெலியின் முழு உடம்பும் அலைக்குள். நம் தாய்மார் காதில் வைத்துப் பேசும்போது ஆன்டெனாவுக்கும் கருவுக்கும் சுமார் அரை மீட்டர் இடைவெளி. வயிற்றருகே வைத்தால்கூட, சில சென்டிமீட்டர் தசைக்குள்ளேயே பெரும்பகுதி சக்தி உறிஞ்சப்பட்டுவிடும். எக்ஸ்ரே மாதிரி எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் பலமும் இந்த அலைக்குக் கிடையாது.

சரி, மனிதர்களில்? டென்மார்க்கில் 13,159 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2008-ல் வந்தது. கர்ப்பத்தில் செல்போன் பேசிய தாய்மாரின் பிள்ளைகளிடம் ஏழு வயதில் நடத்தைப் பிரச்னை கூடுதல் என்றது. அலைதான் காரணமா? எந்நேரமும் போனும் கையுமாக இருக்கும் அம்மா பிள்ளையைக் கவனிப்பது குறைந்திருக்கலாமே! 2017-ல் ஐந்து நாடுகளின் 83,884 தாய்-சேய் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தவர்களும் துறுதுறுப்பு சற்றுக் கூடுதல் என்றார்கள். காரணம் அலைதான் என்று சொல்லவில்லை. அதே ஆண்டு நார்வே ஆய்வில் போன் பேசிய தாய்மாரின் பிள்ளைகளுக்கு மூன்று வயதில் பேச்சு கொஞ்சம் நன்றாகவே இருந்தது! அதற்காக போனைக் கர்ப்பிணிக்கு டானிக்காகக் கொடுக்க முடியுமா?

அக்காவிடம் நான் சொன்னது இதுதான். போனை இடுப்பில் செருகாதே, தூங்கும்போது வயிற்றருகே வைக்காதே. சிக்னல் ஒரு கோடாக இருக்கும்போது நீண்ட பேச்சு வேண்டாம். டவரை எட்ட போன் அப்போதுதான் அதிக பவரில் அனுப்பும். ஸ்பீக்கரில் போட்டுத் தள்ளி வைத்துப் பேசு. ராத்திரியில் மட்டும் ஆஃப் பண்ணிவிடாதே, வலி எடுத்தால் 108-ஐக் கூப்பிட அதுதானே கையில் இருக்கிறது.