போர்க்களம் வரைந்தவர்கள் – 7: ஒரு கட்டத்துக்கு ஒரு படை

2010 செப்டம்பரில் 'சிவிலைசேஷன் 5' வெளிவந்தபோது, அந்தத் தொடரின் பழைய ஆட்டக்காரர்களுக்கு வரைபடமே அந்நியமாகத் தெரிந்தது. சதுரக் கட்டங்கள் போய் அறுகோணங்கள் வந்திருந்தன. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று இருந்தது: ஒரு கட்டத்தில் ஒரே ஒரு போர்ப்படைதான் நிற்கலாம். இருபது படை வைத்திருப்பவருக்கு இருபது கட்டம் வேண்டும். காதுக்குச் சின்ன விதியாகத்தான் கேட்கும். ஆனால் அது ஆட்டத்தின் பட்டறைகள் வரை போய் உலுக்கியது.

ஏன் அப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1991இல் மைக்ரோப்ரோஸ் நிறுவனத்தில் சிட் மேயரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கிய முதல் ஆட்டத்தில் சண்டை என்பது ஒரே தாய உருட்டல் மாதிரி. தாக்கும் பலம், காக்கும் பலம், கொஞ்சம் அதிர்ஷ்டம். வென்றவர் கீறலின்றி நிற்பார், தோற்றவர் மறைந்துபோவார். ஈட்டி பிடித்த கிரேக்கக் காலாட்படை எப்போதாவது ஒரு நவீனப் போர்க்கப்பலை வீழ்த்திவிடும். அந்தக் கதைகளை ஆட்டக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1996இல் இரண்டாம் ஆட்டத்தை வடிவமைத்த பிரையன் ரெனால்ட்ஸ், படைகளுக்கு உயிர்ப்புள்ளிகளும் சுடுதிறனும் கொடுத்து அந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்தார்.

நமக்கு முக்கியம் வேறொரு விதி. அந்த நாட்களில் வெட்டவெளியில் பல படைகளை ஒரே கட்டத்தில் குவித்து வைத்தால், காவலுக்கு நிற்கும் படை தோற்ற மாத்திரத்தில் குவியல் முழுவதும் அழியும். நகரத்துக்குள்ளோ கோட்டைக்குள்ளோ இருந்தால்தான் விலக்கு. கொடுமையான விதி, ஆனால் வேலை செய்தது. யாரும் தேவையில்லாமல் கூட்டம் சேர்க்கவில்லை. 2001இல் வந்த மூன்றாம் ஆட்டம் அந்தத் தண்டனையை எடுத்துவிட்டது. குவியல்கள் வீங்கத் தொடங்கின. 'ஸ்டாக் ஆஃப் டூம்' என்று ஆட்டக்காரர்கள் அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

2005இன் நான்காம் ஆட்டத்துக்குத் தலைமை வடிவமைப்பாளரான சோரன் ஜான்சன் இதற்கு ஒரு மருந்து தேடினார். கவண், பீரங்கி போன்ற முற்றுகைப் படைகள் மோதினால், குவியலில் உள்ள பல படைகளுக்கும் சேர்ந்து காயம் விழும். யோசனை சரிதான். ஆனால் குவியலைத் தாக்கும்போது, எதிர்த்து நிற்க அதிலேயே பொருத்தமான படையை ஆட்டம் தானாகத் தேர்ந்தெடுக்கும். குதிரை வந்தால் ஈட்டிப்படை முன்னால் நிற்கும். ஆகவே எல்லா வகையிலும் கொஞ்சம் கொஞ்சம் கலந்த பெருங்குவியல்தான் பாதுகாப்பு. அதை உடைக்க எதிராளி கவண்களை முதலில் சாகக் கொடுத்துவிட்டு, பிறகு மற்றவர்களை அனுப்புவார். அவரும் ஒரு குவியலோடுதான் வந்திருப்பார். யார் அதிகம் உற்பத்தி செய்தார்கள் என்பது சண்டைக்கு முன்பே தெரிந்துவிடும். ஆறும் மேடும் காடும் கணக்கில் உண்டு என்றாலும், முடிவு நகரத்துப் பட்டறையில் எழுதப்பட்டிருக்கும்.

ஐந்தாம் ஆட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபருக்கு இது பிடிக்கவில்லை. 1994இல் வந்த 'பான்சர் ஜெனரல்' என்ற இரண்டாம் உலகப்போர் ஆட்டம் அவர் மனத்தில் இருந்தது. அதில் அறுகோணம் ஒவ்வொன்றிலும் ஒரு தரைப்படை. எதை எங்கே நிறுத்துவது என்பதே ஆட்டம். அந்த உயிரை உலக வரலாற்று ஆட்டத்துக்குள் கொண்டுவர நினைத்தார், கொண்டுவந்தும் விட்டார். ஒரு கணவாயில் ஒரே ஈட்டிப்படையை நிறுத்தி, பின்னால் வில்லாளிகளை வைத்து, மூன்று மடங்கு எதிரியைத் தடுக்க முடிந்தது. நிலம் பேசியது. இந்தத் தொடரில் போர் அழகாக இருந்த முதல் தருணம் அதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

விலை எங்கே விழுந்தது? பட்டறையில்தான். கட்டத்துக்கு ஒரு படை என்றால் வரைபடம் சீக்கிரம் நிரம்பும். நிரம்பாமல் இருக்கப் படைகள் குறைவாக இருக்க வேண்டும். குறைவாக இருக்க, ஒவ்வொன்றையும் உருவாக்க நாளாக வேண்டும். படைக்கு நாளானால் களஞ்சியத்துக்கும் நூலகத்துக்கும் அதே அளவில் நாளாக வேண்டும், இல்லையென்றால் படை கட்ட யாருக்கும் மனம் வராது. இப்படி நகரத்தின் வேகம் முழுவதும் மந்தமானது. எதுவும் நடக்காத சுற்றுகளில் 'அடுத்து' பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தவர்கள் வணிகத்தையும் அறிவியலையும் குறை சொன்னார்கள். நோய் இருந்தது படையில். படைகள் குறைந்ததால் ஒவ்வொரு இழப்பும் வலித்தது. சண்டைக்குப் பின் இருதரப்பும் காயத்தோடு பிழைத்திருக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் பத்து மட்டுமே இருந்த உயிர்ப்புள்ளியை 2012இன் 'காட்ஸ் அண்ட் கிங்ஸ்' விரிவாக்கம் நூறாக உயர்த்தியதும் இந்த வழியில் வந்த திருத்தம்தான்.

அளவுகோலும் உதைத்தது. பான்சர் ஜெனரலில் ஒரு காட்சிக்கு ஒரு போர்முனை. இங்கே மொத்த உலகமும் ஒரே பலகையில். ஆங்கிலேய நெடுவில்லாளி மூன்று கட்டம் தாண்டி எய்வான். பூமியின் வரைபடத்தில் ஆடினால் இங்கிலாந்துக் கரையில் நின்று பிரான்சுக்குள் அம்பு விடலாம். இதைவிடக் கடுமையான பிரச்சினை கணினி எதிராளி. குவியலை நடத்துவது கணினிக்குச் சுலபம்: சேர், நட, மோது. முப்பது படைகளை ஒன்றையொன்று இடிக்காமல் ஒரு சந்து வழியே கொண்டுபோய், வில்லாளியைப் பின்னால் வைத்து, காயம்பட்டதை விலக்குவது கடினம். வில்லாளிகள் முன்வரிசையில் வந்து செத்தார்கள். கணினியின் படை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பொறுமையுள்ள மனிதர் நாலைந்து படைகளால் அதைக் கரைத்துவிடுவார்.

ஷேஃபர் பிற்பாடு தன் வடிவமைப்பின் பலவீனங்களைத் தாமே வெளிப்படையாக எழுதினார். இந்தத் துறையில் அது அபூர்வம், அதற்காக அவர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவர் அடுத்து உருவாக்கிய 'அட் தி கேட்ஸ்' 2019இல் வந்தது. ரோமப் பேரரசின் அந்திம காலத்தில் நடக்கும் அந்த ஆட்டத்தில், நிற்கும் நிலம் எத்தனை பேருக்குச் சோறு போடும் என்ற கேள்வி படைகளைத் துரத்திக்கொண்டே இருக்கும்.

அந்தக் கேள்விதான் வரலாற்றின் கேள்வி என்பது என் கட்சி. நிஜப் படைகள் ஒரே இடத்தில் குவியாமல் இருந்ததற்குக் காரணம் வயிறு. 1805இல் நெப்போலியன் ரைன் நதியிலிருந்து சுமார் இரண்டு லட்சம் பேரைப் பல கோர்களாகப் பிரித்து, தனித்தனிச் சாலைகளில் நடக்கவிட்டார். ஒரே சாலையில் போனால் பின்னால் வருபவனுக்கு ரொட்டியும் மிஞ்சாது, குதிரைக்குப் புல்லும் மிஞ்சாது. பிரிந்து நடந்தவர்கள் உல்ம் நகரைச் சுற்றி ஒன்றாக மூடியபோது, ஆஸ்திரியத் தளபதி மாக் அங்கேயே சரணடைந்தார். ஏழு ஆண்டு கழித்து ரஷ்யாவுக்குள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருடன் நுழைந்தபோது, அந்த ஏழை நிலத்தால் அவ்வளவு வாய்களைத் தாங்க முடியவில்லை. வழிநெடுகக் காவலுக்கு விட்டவர்கள் போக, பசியும் டைஃபஸும் வயிற்றுக்கடுப்பும் ஏராளமானவர்களைக் கொண்டுபோயின. போரோடினோ களத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர் கையில் இருந்தது சுமார் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர்.

பாரடாக்ஸ் நிறுவனத்தின் 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' 2013லேயே இதை விதியாக வைத்திருந்தது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு தாங்கும் அளவு. அதைத் தாண்டினால் மாதாமாதம் வீரர்கள் சாவார்கள், பனிக்காலத்தில் இன்னும் அதிகம். குவிக்கலாம், குவிப்பதற்கு விலை உண்டு. ஆட்டக்காரர் தாமாகவே படையைப் பிரித்து நடத்திப் போர் நாளில் சேர்க்கிறார். அறுகோணம் தேவைப்படவில்லை.

சிவிலைசேஷன் வேறு வழியில் நடந்தது. 2016இன் ஆறாம் ஆட்டத்தில் எட் பீச் விதியைச் சற்றுத் தளர்த்தினார். முட்டுமரம், முற்றுகைக் கோபுரம் போன்ற துணைப்படைகள் காலாட்படையோடு ஒரே கட்டத்தில் நிற்கலாம். பிற்காலத்தில் ஒரே வகைப் படைகள் இரண்டு சேர்ந்து கோர் ஆகலாம், மூன்று சேர்ந்து ஆர்மி ஆகலாம். பலகை விளையாட்டு உலகில் 'ஹியர் ஐ ஸ்டாண்ட்' போன்ற போர் ஆட்டங்களை உருவாக்கியவர் அவர். கை பழகியது தெரிந்தது, ஆனால் நெரிசல் தீரவில்லை.

2025 பிப்ரவரியில் வந்த ஏழாம் ஆட்டத்தில் தளபதி என்ற புதிய படைவகை வந்தது. அக்கம்பக்கத்துப் படைகளைத் தளபதி தன் கட்டத்துக்குள் சேர்த்துக்கொள்வார், ஒரே உருவாக நடப்பார், எதிரி அருகில் வந்ததும் சுற்றிலும் விரித்துவிடுவார். போர் அனுபவமும் பதவி உயர்வும் சாதாரணப் படைக்குக் கிடையாது, தளபதிக்குத்தான். கடலுக்கும் தனித் தளபதி உண்டு. இந்த ஆட்டத்தில் சோழராகவும் ஆடலாம் என்பதால், கலம் என்ற அவர்களது போர்க்கப்பலைக் கடற்படைத் தளபதியோடு சேர்த்து நடத்திப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

மூன்று வழிகளில் இதுவே சிறந்தது என்று நினைக்கிறேன். நடக்கும்போது குவியல், சண்டையின்போது விரிப்பு. நெரிசலும் குறைந்தது, மேடும் கணவாயும் மதிப்பிழக்கவில்லை. கணினிக்கும் தூக்கிச் செல்லும் வேலை இலகுவானது. வயிறுதான் இன்னும் வரவில்லை. படைகளுக்குத் தங்கத்தில் சம்பளம் உண்டு, ஆனால் பாலைவனத்தில் ஆறு படை நின்றாலும் வயல்வெளியில் ஆறு படை நின்றாலும் நிலம் ஒரே மாதிரிதான் தாங்குகிறது. அடுத்த ஆட்டத்தை வடிவமைப்பவர் தளபதியை வைத்துக்கொண்டு, அவர் நிற்கும் கட்டத்துக்கு ஒரு தாங்கும் அளவைச் சேர்த்தால் போதும். அப்போது பிரித்து நடத்துவதா, சேர்த்து நடத்துவதா என்பதை ஆட்டக்காரர் ஒவ்வொரு சுற்றிலும் யோசித்தாக வேண்டும்.

படையை ஆட்டக்காரர் கையிலிருந்தே பிடுங்கித் தளபதிகளிடம் ஒப்படைத்த 'விக்டோரியா 3' பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)