டிங் தோற்றாரா, குகேஷ் ஜெயித்தாரா? ஒரு யானை கிளப்பிய விவாதம்!

2024 டிசம்பர் 12-ம் தேதி சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன்ஷிப் முடிந்தது. அன்றிலிருந்து ரசிகர்கள் மத்தியில் ஒரு விவாதம் ஓயவே இல்லை. 'கையில் இருந்த டிராவை டிங் லிரன் கோட்டைவிட்டார், அவ்வளவுதான்' என்கிறது ஒரு தரப்பு. 'சும்மா யாரும் உலக சாம்பியன் ஆகிவிட முடியாது' என்கிறது இன்னொரு தரப்பு. யார் சொல்வது சரி?

55-வது நகர்வில் என்ன நடந்தது?

13 ஆட்டங்கள் முடிவில் இருவருக்கும் தலா 6.5 புள்ளிகள். கடைசி ஆட்டமும் டிரா ஆனால், மறுநாள் ரேபிட் டைபிரேக்கர். 2023-ல் நெப்போம்னியாச்சியை வீழ்த்தி டிங் பட்டம் வென்றதே அப்படித்தான். அதனால் வெள்ளைக் காய்களோடு ஆடியும் அவர் ரிஸ்க் எடுக்கவில்லை. காய்களை ஒவ்வொன்றாக வெட்டி ஆட்டத்தைச் சுருக்கினார்.

கடைசியில் ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு யானை, ஒரு பிஷப், சொற்ப சிப்பாய்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆனாலும், கவனமாக ஆடினால் டிராவில் முடிய வேண்டிய நிலைதான்.

அப்போது டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தினார். யானைக்கு யானை வெட்டுப்பட்டால் டிரா எளிதாகும் என்பது கணக்கு. ஆனால், அவருடைய பிஷப் ஏ8 மூலையில் முடங்கிக் கிடந்தது. யானைகள் போனதும், அதே மூலைவிட்டத்தில் குகேஷ் தன் பிஷப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். தப்பிக்க வழியில்லை. பிஷப்களும் வெட்டுப்பட்டால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும்தான். அங்கே அந்த ஒரு கூடுதல் சிப்பாய் போதும்.

58-வது நகர்வோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 7.5 - 6.5. காஸ்பரோவ் 1985-ல் 22 வயதில் படைத்த சாதனையை 18 வயது சென்னைப் பையன் முறியடித்தார்.

ஜாம்பவான்களும் சறுக்கியவர்களே!

'நாம் அறிந்த செஸ் முடிந்துவிட்டது' என்கிற ரீதியில் வருத்தப்பட்டார் முன்னாள் சாம்பியன் கிராம்னிக். ஆனால், 2006-ல் ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் கம்ப்யூட்டருடன் மோதியபோது, அடுத்த நகர்விலேயே விழப்போகும் செக்மேட்டைக் கவனிக்காமல் தோற்றவர் அவர். அப்போது அவர் உலக சாம்பியன்!

2014, சோச்சி நகரம். ஆனந்த் - கார்ல்சன் மோதலின் 6-வது ஆட்டம். 26-வது நகர்வில் கார்ல்சன் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்தார். குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் ஆனந்த் பக்கம் சாய்ந்திருக்கும். ஆனந்த் அதைக் கவனிக்கவில்லை. வேறு நகர்வை ஆடினார். கார்ல்சன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அந்த ஆட்டத்தையும் பிறகு பட்டத்தையும் கார்ல்சனே வென்றார்.

எதிராளி செய்த தவறு, நாம் அதைப் பார்த்தால்தான் நமக்கு லாபம். சோச்சியில் ஆனந்த் தவறவிட்டதுபோன்ற வாய்ப்பை, அவர் வழிகாட்டுதலில் வளர்ந்த குகேஷ் சிங்கப்பூரில் தவறவிடவில்லை.

தவறு தானாக வரவில்லை

முதல் ஆட்டத்திலேயே தோற்றவர் குகேஷ். 3-வது ஆட்டத்தில் பதிலடி கொடுத்தார். 11-வதில் வென்று முன்னிலை பெற்றார். அடுத்த ஆட்டத்திலேயே டிங் அதைச் சமன்செய்தார்.

6-வது ஆட்டத்தில் ஒரே நிலையைத் திரும்பத் திரும்ப ஆடி டிரா செய்ய வாய்ப்பு வந்தது. தன் நிலை சற்றுப் பலவீனமாக இருந்தும் குகேஷ் மறுத்து, தொடர்ந்து ஆடினார். கடைசி ஆட்டத்திலும் அதே பிடிவாதம்தான். 'இதற்கு என்ன பதில்? சரி, இதற்கு?' என்று ஒவ்வொரு நகர்விலும் டிங்கிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். பல மணி நேரம் சரியாகப் பதில் சொன்ன டிங், ஒரே ஒரு கேள்வியில் தடுமாறினார்.

டிங்கைக் குறைத்துப் பேசுவதும் நியாயமில்லை. மன அழுத்தத்தோடு போராடியதை வெளிப்படையாகச் சொன்னவர் அவர். 'தேறமாட்டார்' என்று பலரும் நினைத்த போட்டியை 14-வது ஆட்டம் வரை இழுத்துவந்தார்.

விவாதத்துக்கான பதிலையும் அவரே சொல்லிவிட்டார். அந்த ஆண்டில் தான் ஆடிய சிறந்த போட்டி இதுதான், இந்த முடிவு நியாயமானது, தனக்கு வருத்தமில்லை என்றார் டிங். தோற்றவரே நியாயம் என்று சொன்ன வெற்றியில், நாம் குறை தேட என்ன இருக்கிறது?