அடுப்புக்கும் ரெண்டு நாள் லீவு!



கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம், துக்க வீடு, கோயில். நம்மில் பல பேருக்கு வெளியூர்ப் பயணம் என்றால் இந்த ஐந்துதான். போன இடத்திலும் சும்மா இருக்கிறோமா? பிள்ளைகள் துணியை மடிப்பது, மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்புவது என்று வீட்டு வேலை ஊர் மாறி நடக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் "ஃபிரண்ட்ஸோட ஏற்காடு வரைக்கும் போயிட்டு வரேன்" என்று பையைத் தூக்கினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நாம் தூக்கினால் மட்டும் நாலு கேள்வி வருகிறது. யாரோட? எவ்வளவு செலவு? வீட்டை யார் பார்க்கிறது? இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?

இந்த நாலுக்கும் பதில் கையில் இருந்தால் போதும், கிளம்பிவிடலாம். எங்கள் தெருவில் நாங்கள் ஆறு பேர் சில வருஷமாக அப்படித்தான் போய் வருகிறோம். மற்ற சகோதரிகளுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி, யாரோட? நாங்கள் ஆறு பேரும் பால் வாங்கும் இடத்தில் பழகியவர்கள். ஒருத்தி வீட்டில் மாவு அரைத்து விற்கிறாள், ஒருத்தி தையல். மற்ற நாலு பேரும் முழு நேர இல்லத்தரசிகள். ஆறு என்பது நல்ல எண்ணிக்கை. அறை எடுத்தால் மூன்று மூன்று பேராகப் பிரிந்துகொள்ளலாம், ஆட்டோவுக்கும் ரெண்டு போதும். பத்துப் பேர் ஆகிவிட்டால் பாதி நேரம் ஒருவரை ஒருவர் தேடுவதிலேயே போய்விடும்.

அடுத்தது செலவு. 2020 ஜனவரியில் ஆளுக்கு மாதம் 600 ரூபாய் ஒதுக்குவது என்று முடிவு செய்தோம். பாதி, அதாவது 300 ரூபாய், பொது உண்டியலுக்கு. கணக்கு நோட்டு ஒருத்தியிடம், பணம் இன்னொருத்தியிடம். மீதி 300 ரூபாயை அவரவர் பெயரில் தபால் ஆபீஸில் ஐந்து வருஷ ஆர்.டி.யாகப் போட்டோம். உண்டியல் பணம் சின்னப் பயணங்களுக்கு. ஆர்.டி. எதற்கு என்று பிறகு சொல்கிறேன். ஆரம்பித்த மூன்றாம் மாதமே ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தோம். உண்டியல் மட்டும் நிறைந்துகொண்டே இருந்தது.

முதலில் போனது வெளியூருக்கே இல்லை, வடசென்னைக்குத்தான்! தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினால் கடற்கரை ஸ்டேஷன். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த 'அத்தோ' அங்கே தெருவோரக் கடைகளில் சாயங்காலம் கிடைக்கும். நூடுல்ஸில் முட்டைகோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். அங்கிருந்து ஆட்டோவில் சௌகார்பேட்டை மின்ட் தெருவுக்குப் போய் ஜிலேபியும் பாலும் சாப்பிட்டோம். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி. 1948-ல் ஆரம்பித்த கடை அது. அடுத்தவர் சமைத்துப் பரிமாற, நாம் உட்கார்ந்து சாப்பிடுவதில் இருக்கிற ருசியே தனி. சாப்பிட்டு எழுந்ததும் தட்டைத் தூக்கப் போன தோழியின் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது!

ஒரு நாள் பயணத்துக்கு எங்கள் பக்கத்தில் மாமல்லபுரம். தாம்பரத்திலிருந்து 515 எண் பஸ் போகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதை வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் தவிர வேறெதற்கும் பயன்படுத்தலாம் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. டீலக்ஸ் பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள், அதற்கு டிக்கெட் உண்டு. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், நாங்கள் போனபோது ஆளுக்கு 40 ரூபாய். அர்ச்சுனன் தபசு தெருவை ஒட்டியே இருக்கிறது, காசு கொடுக்காமல் பார்க்கலாம். தபசு செய்யும் பூனையையும் அதன் காலடியில் கும்பிடும் எலிகளையும் தேடிப் பாருங்கள். பள்ளிப் புத்தகத்தில் படித்ததை ஐம்பது வயதில் நேரில் நிதானமாகப் பார்ப்பது பெரிய சுகம். வீட்டிலிருந்து புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனால் மதியச் செலவும் மிச்சம்.

ஒரு ராத்திரி தங்குவது என்றால் புதுச்சேரி. அரவிந்தர் ஆசிரம விடுதிகள் சுத்தமாக இருக்கும், வாடகையும் நம் கைக்கு எட்டும். அங்கே குடி, புகை கிடையாது. ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். பெண்கள் மட்டுமாகப் போகும்போது இந்தக் கண்டிப்பே நமக்குக் காவல். சனி, ஞாயிறில் இடம் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். பின்னால் ஹாரன் சத்தம் இல்லாமல், யார் கையையும் பிடித்து இழுக்காமல் நடந்தோம்.

குளிர் வேண்டுமென்றால் ஏலகிரி. ரயிலில் ஜோலார்பேட்டையில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பல வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஔவையார் எப்போ வருவார் என்று எண்ணிக்கொண்டே போனதில் தலைசுற்றல்கூட மறந்துபோனது. சுமார் 1,100 மீட்டர் உயரம்தான், ஊட்டி மாதிரி உதறல் இல்லை. புங்கனூர் ஏரியில் படகு விடுகிறார்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். வீட்டை யார் பார்ப்பது? ஐந்து பேருக்கு இது அத்தனை பெரிய பிரச்னை இல்லை. ரெண்டு நாளைக்குத் தோசை மாவும் ஒரு புளிக்குழம்பும் வைத்துவிட்டால் வீட்டு ஆண்கள் சமாளித்துக்கொள்கிறார்கள். எங்க வீட்டுக்காரர் இப்போ ரசம்கூட வைக்கிறார்! ஆனால் எங்களில் ஒருத்தியின் மாமியார் ஒன்பது வருஷமாகப் படுத்த படுக்கை. மேல் துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாமே மருமகள்தான். "என்னை விட்டுடுங்கடி, நீங்க போயிட்டு வாங்க" என்று முதலிலேயே ஒதுங்கிக்கொண்டாள்.

அவளை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனசு வரவில்லை. ஒரு ஏற்பாடு செய்தோம். ஒவ்வொரு பயணத்துக்கும் மற்ற ஐந்து பேரில் ஒருத்தி ஊரிலேயே தங்கி, அந்தப் பாட்டியைப் பார்த்துக்கொள்வது. தங்குகிறவளின் பங்கு அடுத்த பயணத்துக்குப் போய்விடும். புதுச்சேரிப் பயணத்தின்போது என் முறை. புறப்படும் அன்று அந்த வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அம்மாவை இப்படிப் போட்டுட்டு ஊர் சுத்தப் போகணுமா?" என்றார். தோழி பையைக் கீழே வைத்துவிட்டாள். உள்ளே இருந்து பாட்டியின் குரல் கேட்டது. "ஏண்டா, நான் காசிக்குப் போகணும்னு உங்கப்பாகிட்ட நாப்பது வருஷம் கேட்டேன். பிள்ளை பரீட்சை முடியட்டும், பொண்ணு கல்யாணம் முடியட்டும்னே சொன்னார். எல்லாம் முடிஞ்சுது, என் காலும் முடிஞ்சுது. அவளையாவது அனுப்பு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் 'எதுக்கு?' என்று கேட்கவில்லை. நாலாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடமும் இல்லை.

இப்போது ஆர்.டி. கதை. 2025 ஜனவரியில் முதிர்ந்தது. வட்டியோடு ஆளுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கையில் வந்தது. எங்களுக்குப் பனியைப் பார்க்க வேண்டும், முடிந்தால் அதில் சறுக்கியும் பார்க்க வேண்டும் என்று ஆசை. முதலில் உத்தராகண்டில் இருக்கும் ஔலியைத்தான் யோசித்தோம். ஆனால் 2023 ஜனவரியில் பக்கத்து ஜோஷிமடத்தில் நிலம் இறங்கி வீடுகள் விரிசல் விட்டு, ரோப் காரையும் நிறுத்திவிட்டார்கள். அதனால் மணாலி என்று முடிவானது. இது வாரக்கடைசியில் முடிகிற காரியம் இல்லை, ஒன்பது நாள் ஆனது. இந்தத் தடவை வெளியூரிலிருந்து நாத்தனார் வந்து, "அம்மாவை நான் பார்த்துக்கறேன் அண்ணி, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டார். முதல் தடவையாக ஆறு பேரும் ஒன்றாகக் கிளம்பினோம்.

ரயிலில் பெண்களுக்கு இருக்கும் சலுகையைத் தெரிந்துகொள்ளுங்கள். தொலைதூர எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஸ்லீப்பர் வகுப்பில் ஆறு படுக்கைகள் பெண்களுக்கென்றே ஒதுக்கீடு உண்டு. வயது வரம்பு கிடையாது, உடன் ஆண்கள் வரக்கூடாது. அதுபோக, 45 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடும் உண்டு. ஒரே டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அது கிடைக்கும். சென்னையிலிருந்து டில்லிக்கு ஸ்லீப்பர் கட்டணம் 1,000 ரூபாய்க்குள்தான். டில்லி காஷ்மீரி கேட் பஸ் நிலையத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் மறுநாள் காலை மணாலி. குளிர்காலத்தில் வடக்கே மூடுபனியால் ரயில்கள் தாமதமாகும். டில்லியில் அரை நாள் இடைவெளி விட்டுத்தான் பஸ்ஸுக்குப் பதிவு செய்ய வேண்டும்.

மணாலியிலிருந்து சுமார் 13 கி.மீ. தூரத்தில் சோலாங் பள்ளத்தாக்கு. பனி உடுப்பும் பூட்ஸும் வழியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். சறுக்குப் பலகைக்கும் சொல்லிக்கொடுப்பவருக்கும் எவ்வளவு, எத்தனை நேரம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். புடவையைத் தவிர வேறெதுவும் கட்டாத எங்கள் மாவுக்கடைத் தோழி அந்தப் பஞ்சு உடுப்பில் வந்து நின்றதைப் பார்த்து, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் பாடமே விழுவதுதான்! பக்கவாட்டில் விழ வேண்டும், முன்னால் கவிழக்கூடாது. நிறுத்த வேண்டுமானால் பலகைகளின் முன் முனை ரெண்டும் நெருங்கி, குதிகால் பக்கம் ரெண்டும் விலகி நிற்க வேண்டும். சின்னச் சரிவில் பத்தடி தூரம் சறுக்கியிருப்போம், அவ்வளவுதான். அந்தப் பத்தடிக்கு அஞ்சு வருஷம் சேர்த்தது தகும். மணாலி பக்கத்துக் கிராமத்துப் பெண் ஆஞ்சல் தாக்கூர்தான் 2018-ல் துருக்கியில் வெண்கலம் வென்று, சர்வதேசப் பனிச்சறுக்குப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்தவர். மூட்டு வலி, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பலகையில் ஏற வேண்டாம், வேடிக்கை பார்த்தாலே போதும். செலவு ஆளுக்கு 17,000 ரூபாய்க்குள் முடிந்தது.

கிளம்புகிறவர்களுக்குச் சில யோசனைகள்: தங்கும் இடத்தின் முகவரி, போன் நம்பரை வீட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள். மாத்திரைகளை ரெண்டு நாள் அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் உதவிக்கு 139, பெண்கள் உதவிக்கு 181. பணத்தை ஒரே பையில் வைக்காதீர்கள். முக்கியமாக, அன்றன்றைய செலவை அன்று ராத்திரியே எல்லோர் முன்னாலும் கணக்குப் பார்த்துவிடுங்கள். பத்து ரூபாய்க்காக உடைந்த சிநேகம் எத்தனையோ!

மணாலிக்குப் போகாவிட்டால் என்ன? பக்கத்து ஊர் ஏரிக்கரைக்குப் போனாலும் போதும். அடுத்த வாரம், பரீட்சை முடிந்ததும், கல்யாணம் முடிந்ததும் என்று தள்ளாதீர்கள். கால் நடக்கும்போதே போய்விட வேண்டும். இன்றைக்கே ஒரு டப்பாவை எடுத்து ஐம்பது ரூபாய் போடுங்கள், எதிர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். என்ன தோழிகளே, கிளம்பலாமா?

— ஒரு வாசகி, தாம்பரம்.